ஏற்றமும் இறக்கமும் உச்சியும்: தூஸி முதல் தில்லிக் கல்லூரி வரை

சேலம் மாநகரின் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் நின்று வடக்கே நோக்குவோர்க்குச் சேர்வராயன் மலைத்தொடர் தெரியும். ஏற்காட்டிற்குச் செல்லும் சாலை 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அம்மலை மீது ஏறுகிறது. ஏறும் வரை சாலையின் சரிவு மேல்நோக்கியது. இறங்கும்போது அது கீழ்நோக்கியது. ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் இடத்தில் சாலை ஒரு கணம் மட்டமாக இருந்தே ஆக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள் என்னும் பாடத்தைப் பயிலும் மாணவர் கற்பதும் இதுவே. ஒரு சார்பின் வகைக்கெழு நேர்மதிப்புடையதாய் இருக்கும் இடைவெளியில் அச்சார்பு ஏறுகிறது; எதிர்மதிப்புடையதாய் இருக்கும் இடைவெளியில் இறங்குகிறது; நேரிலிருந்து எதிருக்கு மாறும் இடத்தில், வகைக்கெழு பூச்சியமாகி, சார்பு பெருமத்தை அடைகிறது. எதிரிலிருந்து நேருக்கு மாறினால் அது சிறுமம்.

இப்பாடத்தின் வரலாற்றைச் சொல்லும் நூல்கள் பொதுவாகத் துலூஸ் நகர வழக்கறிஞர் ஃபெர்மாவிடமிருந்து தொடங்கும். நியூட்டனிடமும் லைப்னிட்சிடமும் முடியும். லைப்னிட்ஸ் 1684-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பே பெருமங்களுக்கும் சிறுமங்களுக்குமான புதியதொரு முறை என்றுதான் தொடங்குகிறது. எனவே உச்சியைத் தேடும் முயற்சியே நுண்கணிதத்தின் வாசற்படி என்று கூறினால் தவறாகாது. ஆனால் அவ்வாசற்படிக்கு வந்து நின்றோர் ஐரோப்பியர் மட்டும்தானா? இவ்வினாவுக்கு நம்மவரிடையே இருவகை விடைகள் வழங்குகின்றன. ஒன்று, எல்லாம் மேற்கிலிருந்தே வந்தன என்னும் விடை. மற்றொன்று, எல்லாவற்றையும் முஸ்லிம்களே முன்னரே கண்டுபிடித்துவிட்டனர் என்னும் விடை. இரண்டும் உழைப்பின்றிக் கிடைப்பவை. கிடைத்திருக்கும் ஏடுகள் சொல்லும் செய்தி இவ்விரண்டினும் சுவையானது.

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் ஈரானின் தூஸ் நகரில் பிறந்தவர் ஷரஃபுத்தீன் அல்-முழஃப்பர் அத்தூஸி. மராகா வானாய்வுக் கூடத்தை நிறுவிய நஸீருத்தீன் தூஸி வேறு, இவர் வேறு. ஊர்ப்பெயர் ஒன்றாக இருப்பதால் இருவரையும் ஒருவராகவே எண்ணி எழுதும் வழக்கம் நம் ஏடுகளில் உண்டு. ஷரஃபுத்தீன் மூத்தவர், திமிஷ்க், ஹலப், மோசுல் ஆகிய நகரங்களில் கணிதம் போதித்தவர், ஏறத்தாழ 1213-இல் காலமானவர். மோசுலின் கமாலுத்தீன் இப்னு யூனுஸ் இவருடைய மாணவர். கோலுருவிலான எளிய அஸ்தர்லாபு ஒன்றை அமைத்தமையால் அக்கருவிக்குத் 'தூஸியின் கோல்' என்னும் பெயரும் ஏற்பட்டது. இங்கு நாம் கருதுவது அக்கோலை அன்று. சமன்பாடுகள் பற்றி அவர் இயற்றிய அரிய நூலையே.

முப்படிச் சமன்பாடுகளை வகைப்படுத்தி, கூம்பு வெட்டுகளின் துணையால் தீர்வு கண்டவர் உமர் கய்யாம் (1048–1131). தூஸி, கய்யாமின் பாதையில் தொடங்கிப் பின் தமக்கென ஒரு வழி வகுத்தார். அவர் எடுத்துக்கொண்ட 25 வகைச் சமன்பாடுகளுள் ஐந்து தனித்தன்மை உடையவை. அவற்றுக்குச் சில வேளைகளில் தீர்வு உண்டு. சில வேளைகளில் இல்லை. அக்கால அல்ஜீப்ராவில் எதிர்மறை எண்களுக்கு இடமில்லை என்பதை நினைவிற் கொள்க. தீர்வு எப்போது உண்டு, எப்போது இல்லை என்று முன்கூட்டியே அறிவதெங்ஙனம்? தூஸி இதனை ஓர் உச்சியைக் காணும் வினாவாக மாற்றினார். அவருடைய சிறப்பு இதில்தான் உள்ளது.

சேலத்து வாசகர்க்கு நெருக்கமானதோர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 1981-இல் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலை எவர்சில்வர் தகட்டுக்குப் பெயர் பெற்றது. அத்தகட்டில் சதுர அடியுடைய ஒரு பெட்டி செய்ய வேண்டும். அடிப்பக்கமும் உயரமும் சேர்ந்து 30 அங்குலம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அடிப்பக்கம் 'அ' எனில் கொள்ளளவு அ² × (30 − அ) ஆகும். கொள்ளளவு 2000 கன அங்குலம் வேண்டுமெனில் அடிப்பக்கம் 10 ஆகலாம், ஏறத்தாழ 27.3 எனவும் ஆகலாம். இரண்டு விடைகள். 5000 வேண்டுமெனில் விடையே இல்லை. இடையில் எங்கோ ஓர் எல்லை இருக்கிறது. தூஸியின் விதிப்படி, மொத்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 20-ஐ, அடிப்பக்கமாகக் கொண்டால் கொள்ளளவு 4000 ஆகும், அதுவே உச்சி. வேண்டும் அளவு 4000-க்குக் குறைந்தால் இரு தீர்வுகள், சமமானால் ஒன்று, மிகுந்தால் ஒன்றுமில்லை.

இன்றைய மாணவர் 60அ − 3அ² என்னும் வகைக்கெழுவைப் பூச்சியத்திற்குச் சமப்படுத்தி அதே 20-ஐப் பெறுவார். தூஸி எடுத்துக்கொண்ட ஏனைய நான்கு வகைகளிலும் உச்சி அமையும் இடமாக அவர் குறிப்பிடுவது, நாம் வகைக்கெழுவைப் பூச்சியமாக்கிப் பெறும் இடமே. இந்த ஒற்றுமைதான் அறிஞரிடையே பெரும் விவாதத்தைத் தோற்றுவித்தது.

எகிப்தில் பிறந்து பாரிசில் ஆய்வு செய்த ருஷ்தி ராஷித், தூஸியின் நூலைப் பதிப்பித்து 1986-இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் இரு தொகுதிகளாக வெளியிட்டார். தூஸி பெயரிட்டுச் சொல்லவில்லையாயினும் வகைக்கெழு என்னும் கருத்தைக் கையாண்டிருக்கிறார் என்பது அவருடைய துணிபு. டச்சு அறிஞர் ஹோகென்டைக் 1989-இல் இதனை மறுத்தார். பண்டைய வடிவியல் மரபின்படி கனச்சதுரங்களையும் பெட்டிகளையும் வெட்டி ஒட்டி ஒப்பிட்டே தூஸி அவ்விடங்களைக் கண்டிருக்கக்கூடும் என்பது அவர் வாதம். இந்தக் குறிப்பிட்ட சமன்பாட்டின் எல்லையைப் பொறுத்தவரை, ஆர்க்கிமிடீசுக்கே அது தெரிந்திருந்தது என்பதையும் நாம் மறைத்தலாகாது.

கணக்கைச் செய்து பார்த்தால் வழக்கு விளங்கும். அடிப்பக்கம் 20 என்பதிலிருந்து சிறிது விலகி 20 + க ஆகிறது எனக் கொள்வோம். அப்போது கொள்ளளவு (20 + க)² × (10 − க). பெருக்கி விரித்தால், அடி அகன்றதால் 400க கூடுகிறது. உயரம் குறைந்ததால் அதே 400க கழிகிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட, எஞ்சுவது 4000 − 30க² − க³. 'க' சிறிது கூடினாலும் குறைந்தாலும் 4000-இலிருந்து ஏதோ கழிந்துகொண்டே இருக்கிறது. எனவே 4000-ஐ விட மேலே செல்ல வழியில்லை. கூட்டலும் கழித்தலும் சமமாகி 'க'வின் முதற்படி உறுப்பு மறைந்துபோகும் இந்நிகழ்ச்சியைத்தான் நாம் வகைக்கெழு பூச்சியம் என்கிறோம். தூஸி செய்த ஒப்பீடும் இதன்பாற்பட்டதே. உச்சியின் இருபுறமும் மதிப்பு குறைகிறது என்பதை அவர் தனித்தனியே நிறுவினார்.

நம் கருத்து இது: தூஸியிடம் வகைக்கெழு விளைவித்த கனி இருக்கிறது, வகைக்கெழு என்னும் மரம் இல்லை. எல்லாச் சார்புகளுக்கும் பொருந்தும் ஒரே விதியாக அவர் அதனைப் பிரித்தெடுக்கவில்லை; முப்படிச் சமன்பாட்டுக்கு வெளியே கொண்டு செல்லவும் இல்லை. இவ்வாறு சொல்வதால் அவர் பெருமை குன்றாது. 'ஐரோப்பாவுக்கு முன்னரே நுண்கணிதம்' என்று மேடையில் முழங்கும்போது, அவர் உண்மையில் செய்த நுட்பமான செயல் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. தீர்வு உண்டா என்னும் வினாவை உச்சி எவ்வளவு என்னும் வினாவாகத் திருப்பிப்போட்டதே அச்செயல். இதே திருப்பத்தை அறுநூறு ஆண்டுகளுக்குப் பின், எதிர்த்திசையில், நம் நாட்டில் ஒருவர் செய்தார்.

தில்லிக் கல்லூரியின் கதை உர்து இலக்கியம் அறிந்தவர்க்குப் புதிதன்று. காஸியுத்தீன் மதரஸாவாக இருந்த நிறுவனம் 1825-இல் ஆங்கிலேயரால் கல்லூரியாகச் சீரமைக்கப்பட்டது. 1829-இல் நவாபு இஃதிமாதுத்தவ்லா 1,70,000 ரூபாயை அதற்கென வழங்கினார். அங்கே மேலை அறிவியலும் கணிதமும் உர்து மொழியிலேயே கற்பிக்கப்பட்டன. பூத்ரோஸ், ஸ்ப்ரெங்கர் ஆகிய முதல்வர்களின் காலத்தில் மொழிபெயர்ப்புக் கழகமொன்று நூல்களை உர்துவில் ஆக்கித் தந்தது. அக்கல்லூரியில் 1844-இல் மாதம் 50 ரூபாய் ஊதியத்தில் அறிவியல் ஆசிரியராக அமர்ந்தவர் மாஸ்டர் ராம்சந்திரர். 1821-இல் பானிபத்தில் பிறந்த காயஸ்தர். சிறுவனாயிருக்கும்போதே தந்தையை இழந்தவர். 'ஃபவாயிதுன் நாழிரீன்', 'முஹிப்பே ஹிந்த்' ஆகிய உர்து இதழ்களை நடத்தியவர்.

ராம்சந்திரர் 1850-இல் தம் சொந்தச் செலவில் கல்கத்தாவில் ஓர் ஆங்கில நூலை அச்சிட்டார். பெருமம், சிறுமம் பற்றிய கணக்குகளை அல்ஜீப்ராவினாலேயே தீர்ப்பது அதன் பொருள். நுண்கணிதத்தின் துணை சிறிதும் வேண்டாம் என்பதே அவருடைய உறுதி.

அவர் முறையின் உயிர்நாடியை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். 20 என்னும் எண்ணை இரு கூறாக்கி, அவற்றின் பெருக்குத்தொகை மிகப் பெரிதாகுமாறு செய்க. ஒரு கூறு 'அ', பெருக்குத்தொகை 'ப' எனில், அ × (20 − அ) = ப. இந்த இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் அ = 10 ± √(100 − ப) என வரும். ப = 96 எனில் கூறுகள் 12, 8. ப = 100 எனில் இரு விடைகளும் ஒன்றாகி 10 மட்டும் நிற்கும். ப = 101 எனில் வர்க்கமூலத்துக்குள் எதிர்மறை எண் வந்துவிடும்; அத்தகைய கூறு இல்லை. ஆகவே 'ப' 100-ஐத் தாண்ட இயலாது, 100-தான் உச்சி. தூஸி, தீர்வு உண்டா என்பதை அறிய உச்சியைத் தேடினார். ராம்சந்திரர், உச்சியை அறியத் தீர்வு எங்கே இல்லாமற்போகிறது என்று தேடினார். ஒரே கதவின் இரு பக்கங்கள். மூன்றாம்படியும் அதற்கு மேலும் வரும் கணக்குகளை இருபடிக்குக் கொண்டுவர அவர் கையாண்ட உபாயங்கள் சில இடங்களில் மிகவும் சுற்றிவளைத்தவை. வகைக்கெழுவால் இரண்டு வரியில் முடியும் கணக்கு அவர் கையில் பக்கக்கணக்கில் நீளும்.

பின் ஏன் இந்த உழைப்பு? இந்திய மாணவர்க்கு அல்ஜீப்ரா அந்நியமன்று என்பது ராம்சந்திரரின் நம்பிக்கை. அதற்கு வேர் உண்டு. இரண்டாம் பாஸ்கரரின் (1114–1185) பீஜகணிதம் என்னும் வடமொழி நூலின் மரபையே அவர் தம் முன்னோடியாகக் கருதினார். அந்நூல் உலகுக்கு அறிமுகமான வரலாற்றில் முஸ்லிம் அறிஞரின் பங்கை நம்மவர் பலர் அறியார். பாஸ்கரரின் லீலாவதியை 1587-இல் அக்பருக்காகப் பாரசீகத்தில் ஆக்கியவர் ஃபைஸி. பீஜகணிதத்தை ஹிஜ்ரி 1044-இல் (1634–35) பாரசீகத்தில் ஆக்கி ஷாஜஹானுக்குக் காணிக்கையாக்கியவர் அதாவுல்லாஹ் ருஷ்தி. தாஜ்மகால் கட்டுமானத்தோடு பெயர் இணைத்துப் பேசப்படும் உஸ்தாத் அஹ்மத் லாஹோரியின் மகன் இவர். தந்தை கல்லில் செய்த அளவுக்கணக்கை மகன் ஏட்டில் செய்தார் போலும். 1813-இல் ஸ்ட்ரேச்சி வெளியிட்ட ஆங்கில ஆக்கம் இப்பாரசீக மொழிபெயர்ப்பிலிருந்தே செய்யப்பட்டது. கோல்புரூக் வடமொழி மூலத்திலிருந்து நேரே பெயர்த்தது 1817-இல்தான். சூபிகளும் சித்தர்களும் கலந்துரையாடியதைப் பற்றி நாம் நிறையவே எழுதிவிட்டோம். கணக்கர்கள் கலந்துரையாடியதைப் பற்றி எழுதியது குறைவு.

ராம்சந்திரரின் நூலுக்குக் கல்கத்தாவில் வரவேற்பு இல்லை; அங்குள்ள ஆங்கில ஏடு கடுமையாகவே விமரிசித்தது. ஆனால் கல்விக் குழுவின் தலைவராயிருந்த பெத்தூன் அதனை இலண்டனில் இருந்த அகஸ்டஸ் டி மார்கனுக்கு அனுப்பிவைத்தார். டி மார்கன் விதிகளைக் கணப்பாடத்தில் படிக்காத தமிழ்நாட்டு மாணவர் இரார். அவர் பிறந்த ஊர் நம் மதுரை என்பதை எத்தனை பேர் அறிவர்? 1806 ஜூன் 27-இல் அங்கே கும்பினிப் படை அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்து, கைக்குழந்தையாக இங்கிலாந்து சென்று, 1828-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் முதற் கணிதப் பேராசிரியரானவர் அவர். ராம்சந்திரரின் ஏட்டில் அவர் தனித்தன்மையுடைய ஓர் உள்ளத்தைக் கண்டார். கும்பினி இயக்குநர்களுக்கு எழுதினார். கும்பினி ராம்சந்திரருக்குக் கில்அத் என்னும் மரியாதை ஆடையும் 2,000 ரூபாயும் வழங்க ஆணையிட்டது. டி மார்கனின் நீண்ட முன்னுரையுடன் நூலின் மறுபதிப்பு 1859-இல் இலண்டனில் வெளிவந்தது. அதற்குள் ஆணையிட்ட கும்பினியின் ஆட்சியே இந்தியாவில் முடிந்துபோயிருந்தது.

இம்முன்னுரையைப் புகழ்வோர் உளர். ஈரோட்டில் பிறந்த இராமானுஜனைக் கேம்பிரிட்ஜின் ஹார்டி கண்டெடுத்ததற்கு முன்னோட்டமாக இதனைக் காண்போரும் உளர். ஒப்புமை ஓரளவே பொருந்தும். இராமானுஜன் கண்டவை கணிதத்தை முன்னகர்த்தின. ராம்சந்திரர் கணிதத்தில் புதிய உண்மை எதையும் சேர்க்கவில்லை. கற்பிக்கும் வழியொன்றையே முன்வைத்தார். கிரேக்க மரபு வடிவியலை நாடியது, இந்திய மரபு அல்ஜீப்ராவை நாடியது எனப் பிரித்து, உறங்கிப்போன இந்திய அறிவை அதன் இயல்பான துறை வழியே எழுப்பலாம் என்று டி மார்கன் கருதினார். நல்லெண்ணத்தில் பிறந்த கருத்துதான். ஆயினும் அது ஒருசாரானது. அவ்வல்ஜீப்ராவை பக்தாதில் நூலாக வகுத்த குவாரிஸ்மியும் அதனை வடிவியலோடு பிணைத்த கய்யாமும் தூஸியும் இப்பிரிவினைக்குள் எங்கே அடங்குவர்? தூஸியின் ஆக்கம் அப்போது ஐரோப்பாவில் எவரும் அறியாதது. அது டி மார்கனின் குற்றமன்று.

திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. பள்ளிகள் எவையும் அந்நூலைப் பாடமாக ஏற்றுப் பரப்பவில்லை. வகைக்கெழு என்னும் சுருக்குவழி கையில் இருக்கும்போது நெடுவழியை மேற்கொள்வோர் அரியர். ராம்சந்திரரே பின்னாளில் வகை நுண்கணிதத்துக்குத் தமக்கென ஒரு புதிய முறையை வகுத்து எழுதினார். ஒதுக்கிவைத்த துறைக்கே திரும்பிவந்தார். 1852-இல் அவர் கிறித்தவம் தழுவியது தில்லி நகரைக் கலக்கிய நிகழ்ச்சி. 1857-இல் அவருடன் மதம் மாறிய மருத்துவர் சமன்லால் கொல்லப்பட்டார். ராம்சந்திரர் ஒளிந்து உயிர்தப்பினார். கல்லூரியின் முதல்வர் டெய்லர் கொல்லப்பட்டார், நூலகம் சூறையாடப்பட்டது. கல்லூரி 1864-இல் மீண்டும் திறக்கப்பட்டு, 1877-இல் மூடப்பட்டது. ராம்சந்திரர் ரூர்க்கியிலும் தில்லியிலும் பட்டியாலாவிலும் பணியாற்றி 1880-இல் மறைந்தார்.

எஞ்சியது மாணவர் பரம்பரை. கணிதத்தில் அவருடைய அன்புக்குரிய மாணவராயிருந்தவர் மவ்லவி ஸகாவுல்லாஹ் (1832–1910). பின்னர் அலஹாபாத் மியூர் கல்லூரியில் பேராசிரியராகி, கணிதப் பாடநூல்களை உர்துவில் எழுதிக் குவித்தவர். சர் சையித் அஹ்மத் கானின் தோழர். தாய்மொழியில் உயர்கணிதம் இயலும் என்பதை இறுதிவரை நம்பியவர். இந்து ஆசிரியராகத் தொடங்கிக் கிறித்தவரானவரிடம் கற்று, முஸ்லிம் அறிஞராக வாழ்ந்து, தம் ஆசிரியர் மீது மாறா மதிப்புக் கொண்டிருந்தார். 1857-க்கு முந்திய தில்லியின் பண்பு அத்தகையது.

உர்துவில் தில்லி முயன்றதைத் தமிழில் முயன்ற ஊர்களுள் சேலத்துக்கு முதன்மையான இடம் உண்டு. இராஜாஜி சேலத்தில் வழக்கறிஞராக இருந்த காலத்தில், 1916-இல், வேங்கடசுப்பையருடன் சேர்ந்து தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை அமைத்தார். தாவரவியல், வேதியியல், பௌதிகம், வானியல், கணிதம் ஆகிய துறைகளின் கலைச்சொற்களுக்குத் தமிழ் காண்பது அச்சங்கத்தின் வேலை. மறு ஆண்டு அவர் சேலம் நகராட்சித் தலைவரானார். தில்லியின் கழகத்தைப் போல் படைபலமும் நவாபின் கொடையும் இதற்கு வாய்க்கவில்லை. ஆனால் கலவரத்தில் எரியவும் இல்லை. பின்வந்த குழுக்கள் அச்சொற்களுள் பலவற்றை மாற்றின, சிலவற்றைக் கைவிட்டன. 'சாஸ்திரம்' போய் 'அறிவியல்' வந்தது. 'பரிபாஷை' போய் 'கலைச்சொல்' வந்தது.

இன்று தமிழ்வழி மாணவர் எழுதும் 'வகைக்கெழு' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். கெழு என்பது ஒரு மாறிக்கு முன் நின்று அதனைப் பெருக்கும் எண். நாம் மேலே 400க என்று எழுதியபோது 400 அத்தகைய கெழு. அது எதிர்க்கெழுவோடு சேர்ந்து மறையும் இடத்தில்தான் பெட்டியின் கொள்ளளவு உச்சியைத் தொட்டது. ஆங்கிலத்தில் இன்று வழங்கும் சொல்லில் இக்குறிப்பு இல்லை. டி மார்கன் காலத்து ஆங்கிலேயர் அதனை 'வகையீட்டுக் கெழு' என்னும் பொருள்படும் இருசொல் தொடராலேயே குறித்தனர். அவர்கள் மொழியில் அருகிவிட்ட அப்பழம்பெயர் தமிழ்ப் பாடநூலில் இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.